ஆறு பேணிக் கவியார்

1935 செப்டம்பர் 19, வியாழன்

மழை விடவில்லை. கொடியில் துணி மூன்றாம் நாளாக ஈரத்தோடு தொங்குகிறது. வேலைக்கு வரும் சீனியம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மழையை நான்தான் வரவழைத்தேன் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள்.

இவர் ஐந்தே முக்கால் றெயிலில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தார். கையில் வழக்கமான வாய் அகன்ற பிளாஸ்கு. அதற்குள் ஐஸுக்கு நடுவே வெண்ணெயோ சீஸோ இருக்கும். நான் மூக்கில் வைத்து மணந்து, தின்று பார்த்து, நல்லதா ஆகாததா என்று சொல்வேன். இவர் மறுநாள் கோட்டைக்குப் போய்க் கம்பனியில் அதைத் தன் வாயால் சொல்வார். மார்ச் மாதத்திலிருந்து இப்படித்தான் எங்கள் பிழைப்பு. அப்போது வந்த காய்ச்சல் போகிறபோது இவருடைய மூக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. இவருக்கு இப்போது மல்லிகையும் ஒன்றுதான், மீன் குடலும் ஒன்றுதான். உப்பும் புளிப்பும் இனிப்பும் கசப்பும் மட்டும் நாக்குக்குத் தெரியும். மற்றதெல்லாம் சக்கை என்கிறார்.

பென்றிஜ் கம்பனியின் குளிர் அறைக்குப் பொறுப்பு இவர். கப்பலில் வருகிற சாமானை மணந்து, ருசித்து, எடுப்பதா தள்ளுவதா என்று சொல்வதுதான் உத்தியோகமே. ஆட்களுக்கு இவரைக் காட்டும்போது லீமன் துரை, ‘இது எங்கள் மூக்கு’ என்பாராம். அந்த மூக்கு இல்லை என்று தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை. விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இன்று பிளாஸ்குக்குள் ஒரு சின்னப் பிங்கான் கிண்ணம். மூடியைத் திறந்தால் கறுப்பாக, மினுமினுவென்று, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள்.

“இது என்ன?”

“மீன் முட்ட. கவியார் எண்டு செல்ற. பாரசீகத்துப் பக்கம் ஈக்கிற பெரிய மீன்ட. ஹலால்தான், கேட்டுட்டன்.”

கிறிஸ்மஸ் விருந்துகளுக்கென்று கம்பனி இந்த வருஷம்தான் முதன்முதலாக இதை வரவழைக்கிறதாம். எந்த வியாபாரியிடம் எடுப்பது என்று இவர் சொல்ல வேண்டுமாம். அதாவது நான் சொல்ல வேண்டும்.

மீன் முட்டையைப் பற்றி எனக்கா பாடம்? புறக்கோட்டையில் மாசியும் கருவாடும் விற்ற ஸாலிஹின் மகள் நான். எந்தச் சாக்கில் ஈரம் ஏறியிருக்கிறது என்று ஏழு வயதில் மூக்கால் சொன்னவள். முட்டை என்றால் முதலில் வெடுக்கு நாற்றம் போக வேண்டும். தேசிக்காய் பிழிந்து, மஞ்சள் போட்டு, இரண்டு தண்ணீரில் நன்றாக அலசினேன்.

முட்டையெல்லாம் வெளிறிச் சுருங்கிப்போயின. வாயில் போட்டால் தேசிக்காயும் மஞ்சளும்தான். வேறு ஒன்றும் இல்லை.

இவர் குசினி வாசலில் நின்று கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அதன் விலையைச் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

செப்டம்பர் 20

விரலில் மஞ்சள் இன்னும் போகவில்லை. ‘ஒரு தரம் பார்த்தது போதாது, இன்னொன்று வேண்டும்’ என்று துரையிடம் கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

இரண்டாவது கிண்ணம் வந்தது. இந்தத் தடவை கழுவவில்லை, பிழியவில்லை, ஒன்றும் செய்யவில்லை. துரைமார் தின்கிற பொருளாயிற்றே என்று அலுமாரியைத் திறந்து கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் கரண்டியை எடுத்தேன்.

செம்புச் சதக் காசை நக்கினது போலிருந்தது. இதற்கா இவ்வளவு ஆரவாரம்? ‘உப்பு, செம்பு, வேறு ஒன்றும் இல்லை’ என்று இவரிடம் சொன்னேன். மீதியை ஐஸோடு மூடி வைத்திருக்கிறேன். எறியப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 25

துரை சிரித்தாராம். எந்தக் கரண்டி என்று கேட்டு, மேசையிலிருந்த ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வாசித்துக் காட்டினாராம். வெள்ளி ஆகாது, உலோகம் எதுவும் ஆகாது. எலும்பு, கொம்பு, சிப்பி இதில் ஏதாவது ஒன்றால் எடுக்க வேண்டும். குளிர் வேண்டும், ஆனால் உறையக் கூடாது. கடிக்கக் கூடாது, நாக்கை மேலண்ணத்தில் வைத்து அழுத்த வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, “இப்போது சரியாகத் தின்று பார்த்து, என்ன ருசி என்று ஒன்று விடாமல் சொல்லு” என்றாராம், கையில் பென்சிலோடு.

இவ்வளவு தெரிந்த மனிதர் தானே ஒரு கரண்டி தின்று பார்த்தால் என்ன?

“அவர் என்ட கண்ணுக்கு முன்னுக்கு ஒண்டும் திண்டதில்ல” என்றார் இவர்.

ஆம், பெரிய இடம். எங்களுக்கு முன்னால் வாயைத் திறப்பார்களா?

செப்டம்பர் 26, வியாழன்

மன்னாரிலிருந்து வாப்பா கொண்டுவந்த முத்துச்சிப்பி ஓடு ஒன்று என்னிடம் இருக்கிறது. கொண்டை ஊசி போட்டு வைப்பது அதில்தான். ஊசியைக் கொட்டிவிட்டுச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தேன். அதன் விளிம்பால் பத்துப் பதினைந்து மணியை அள்ளி நாக்கில் வைத்தேன்.

முதலில் குளிர். பிறகு ஒன்றும் இல்லை. அழுத்தினேன். ஒவ்வொன்றாக உடைந்தது. உப்பு வந்து, நிற்காமல் போனது. அதற்குப் பின்னால் வெண்ணெய்போல ஒன்று, அதற்கும் பின்னால் பச்சைக் கொட்டங்காய்ப் பருப்பு, தெருவோர வாதுமைக் கொட்டையை உடைத்தால் வருகிற அதே ருசி. கடைசியில், நான் விழுங்கி முடித்த பிறகு, கடற்கரைத் தண்டவாளத்தைத் தாண்டியதும் முகத்தில் படுகிற காற்று.

நின்ற இடத்திலேயே நின்றேன். வெட்கமாக இருந்தது. பிடித்துவிட்டது எனக்கு. துரைமார் பொருள் ஒன்று இவ்வளவு பிடித்துப் போனதில் கோபம்கூட வந்தது. பிறகு கிண்ணத்தை வழித்துத் தின்றேன்.

எல்லாவற்றையும் இவரிடம் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தேன். கொட்டங்காயை இங்கிலீசில் எப்படிச் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அப்படியே சொல்லட்டும்.

அக்டோபர் 2

துரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாராம். கொட்டங்காயை இவர் கையால் காட்டி விளக்கினாராம். ‘இது போதும், இதை வைத்து நான் விற்பேன்’ என்றாராம்.

அக்டோபர் 13, ஞாயிறு

கிளெமென்ற் வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர், கம்பனியில் இவரோடு ஒரே மேசை. பன்றித் தொடையும் வைனும் வந்தால் அவர் ருசி பார்ப்பார். வெண்ணெய், சீஸ், மீன் சாமான் வந்தால் இவர். அப்படிப் பிரித்துக்கொண்டு எட்டு வருஷமாக ஒரு சண்டை இல்லாமல் வேலை செய்கிறார்கள். ஆனாலும் எனக்கு அந்த மனிதர் மேல் சந்தேகம். கேள்வி அதிகம். ‘புவாத், காய்ச்சலுக்குப் பிறகு சாப்பாடெல்லாம் சரியோ?’ என்று எதற்காகக் கேட்க வேண்டும்?

நான் வழக்கம்போல் திரைக்கு உள்பக்கம் இருந்தேன். முன் அறையில் அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். “இந்தச் சீஸ் ஒருமாதிரிக் கிடக்கு. நீர் என்ன சொல்லுறீர், புவாத்?”

ஒருமாதிரியா? திரையைத் தாண்டி என் மூக்கைப் பிடுங்கியது. இவரோ கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கடிகாரம் திருத்துகிறவர் மாதிரி. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. வளையலை ஒரு தரம் தட்டினால் நல்லது, இரண்டு தரம் தட்டினால் ஆகாது. இரண்டு தரம் தட்டினேன்.

“ஆகாது, கிளெமென்ற். எறிஞ்சிருங்க.”

கிளெமென்ற் திரையைப் பார்த்தார். துணியின் இடுக்கால் பார்த்தேன், திரையைத்தான் பார்த்தார். பிறகு, “ஓம், எனக்கும் அப்பிடித்தான் பட்டது” என்றார்.

 இவன் போய்த் துரையிடம் மூட்டி விடுவானோ?

நவம்பர் 5, செவ்வாய்

மூன்று கிண்ணம், மூன்று வியாபாரிகள். வரிசையாக வைத்து, இடையில் பச்சைத் தண்ணீர் குடித்து, சிப்பியைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். இப்போது எனக்கு விளங்குகிறது. கருவாட்டை அதன் மணத்தை வைத்து வாங்குவோம். இதில் மணம் இருந்தால் வாங்கக் கூடாது. நல்லது மணக்காது. மூக்கை வைத்தால் கழுவிய கல்லில் இருக்கிற அளவுதான் இருக்கும். முதல் கிண்ணம் மீன் நாற்றம், பழசு. இரண்டாவதில் உப்பைக் கொட்டியிருக்கிறார்கள், எதையோ மறைக்க. மூன்றாவது தங்கம். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன.

அந்த மூன்றாவதின் மீதியை என்ன செய்வது? இரவுச் சாப்பாட்டுக்கு அப்பம் சுட்டிருந்தேன். உப்புப் போடாத சின்ன அப்பம் ஒன்று தனியாகச் சுட்டு, நடுவிலுள்ள மெத்தென்ற வெள்ளையில் ஒரு சிப்பி அள்ளி வைத்தேன். ஓரம் மொறுமொறு, நடு சூடு, மேலே குளிர். இதைத் துரைமார் பாண் ரொட்டியில் வைத்துத் தின்கிறார்களாம். பாவம்.

என் மகள் றஸ்மியா எட்டிப் பார்த்துவிட்டு, “உம்மா, அப்பத்தில எறும்பு!” என்று ஓடினாள். நல்லது. எனக்கு முழு அப்பம்.

நவம்பர் 28, வியாழன்

முதல் நோன்பு.

இவருடைய முகத்தில் இன்றைக்குத்தான் ஒரு வெளிச்சம். ஒரு மாதத்துக்கு யாரும் இவரிடம், ‘வாயில் போட்டுப் பார்’ என்று சொல்ல முடியாது. நோன்பு என்றால் துரையும் மரியாதையாகத் தள்ளி நிற்பார். கிண்ணங்கள் வீட்டுக்கு வரும், நான் நோன்பு திறந்த பிறகு பார்ப்பேன். அல்லாஹ் எங்களுக்கென்றே அனுப்பின மாதம்.

டிசம்பர் 14, சனி

கிறிஸ்மஸ் கவியார் வருகிற கப்பல் ஏடனில் பழுதாகி நிற்கிறதாம். இவர் நோன்புக் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். நான் சொன்ன வியாபாரி, நான் சொன்ன சரக்கு. நான்கு பெரிய விருந்துகளுக்குக் கம்பனி வாக்குக் கொடுத்திருக்கிறது.

டிசம்பர் 18, புதன்

இன்றிலிருந்து எனக்கு, பெண்களுக்கு மாதாமாதம் வருகிற, நோன்பு இல்லாத நாட்கள். வீட்டுக்குள் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் நோன்பு நோற்பவள்போல முகத்தை வைத்துக்கொண்டு திரிகிறேன். சீனியம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் வாழைப்பழமும் தண்ணீரும் வைத்து, “யாரும் வரல, சாப்பிடுங்கம்மா” என்று காவல் நிற்கிறாள். இவருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பார். பதினொரு வருஷமாக இந்த நாடகம் ஒரு தரம்கூடப் பிசகியதில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நோன்பு மாதத்து வெள்ளிக்கிழமைகளில் கம்பனி இவரை மதியத்தோடு விட்டுவிடும். ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டு இவர் வந்து சாய்ந்ததுதான், வாசலில் கம்பனிக் கார். கிளெமென்ற். கூடவே இரண்டு பேர் தூக்கி வந்த ஐஸ் பெட்டி.

கப்பல் காலையில் வந்துவிட்டதாம். ஆறு தகரப் பேணி. நாலு மணிக்குள் துறைமுக ஜெற்றியில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சரக்கு நம்முடையது, பிறகு எது கெட்டிருந்தாலும் வாய் திறக்க முடியாது. தள்ளுவதாக இருந்தால் அதற்கு முன் காரணத்தோடு தள்ள வேண்டும்.

“துரை உம்மைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர். நான்தான், ‘வேண்டாம், ஆள் நோன்போடை களைச்சிருக்கும், நான் வீட்டை கொண்டுபோய்க் காட்டிறன்’ எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்” என்றார் கிளெமென்ற். “மணந்து பாக்கிறதிலை நோன்பு முறியாதுதானே?”

பார்த்தாயா, வலை விரிக்கிறான் என்று எனக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு, “உள்ளுக்குக் கொண்டு போய்ப் பாக்கிறன். இஞ்ச வெளிச்சம் போதாது” என்றார். பட்டப்பகல் இரண்டு மணி. முன் அறைக்கு மூன்று ஜன்னல்.

பேணிகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டு வந்து வைத்தார். ஆறும் மேசையில். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

“புள்ள... இன்டைக்கு... ஒனக்கு நோம்பா?”

பதினொரு வருஷத்தில் ஒரு நாளும் கேட்காத கேள்வி.

“இல்ல” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். இதற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்த முதல் ஆண்பிள்ளை இவராகத்தான் இருப்பார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சமைக்கிறவள் உப்புப் பார்ப்பதுபோல் நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடுகிற சரக்கா இது? அழுத்தி உடைத்து விழுங்காமல் ஒன்றும் தெரியாது.

றப்பர் பட்டியைக் கழற்றி முதல் பேணியைத் திறந்தேன். மணம் இல்லை. மணிகள் நின்றன. ருசி அதே தங்கம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மணமும் இல்லை. மேலே எடுத்தது நல்ல ருசி. விட்டிருப்பேன். ஆனால் வாப்பா சாக்கின் வாயில் கை வைத்து மாசி வாங்கியதே இல்லை, முழங்கை வரை உள்ளே விடுவார். சிப்பியை அடி வரைக்கும் இறக்கினேன். கீழே தண்ணீர் கசிந்திருந்தது. மணிகள் தோல் வெடித்து, ஊறின சவ்வரிசிபோல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அழுத்த ஒன்றும் இல்லை, ஏற்கெனவே உடைந்தவை.

உறைந்து, பிறகு உருகின சரக்கு. நான்காவதும் அப்படித்தான். ஐந்து, ஆறும்.

“நாலு ஆகாது” என்றேன்.

“நாலா? நல்லா பாத்தியா? மேல எல்லாம் நல்லா ஈக்கிதே!”

“அடியில பாருங்க.”

பார்த்தார். கண்ணுக்கு அவ்வளவு தெரியவில்லை, அதுதான் கொடுமை. ஆறில் நான்கைத் தள்ளினால் விருந்துகளுக்கு என்ன செய்வது? நான் பிழையாகச் சொல்லியிருந்தால்? இவர் நெற்றி முழுக்க வேர்வை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நான்கு பேணிகளையும் ஒரு பக்கமாகத் தள்ளினார்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் குரல். பக்கத்தில்தான்.

“தங்கச்சி, நாலு பேணி சரியில்லையோ? நான் போய் அப்பிடியே சொல்லட்டோ?”

 இவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.  அந்த மனிதரின் குரலில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. ஜெற்றிக்குப் போக நேரமாகிறதே என்கிற அவசரம் மட்டும்தான் இருந்தது.

கையை உயர்த்தி வளையலை இரண்டு தரம் தட்டினேன்.

“விளங்கிச்சு” என்று சிரித்தார் கிளெமென்ற்.

கார் போன பிறகு இவர் வந்து சொன்னார். படியில் நின்று கிளெமென்ற் எல்லாவற்றையும் கொட்டினாராம். மே மாதத்தில் சீஸ் தட்டுக்குப் பின்னால் எலி செத்து மூன்று நாள் கிடந்ததாம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, இவர் மட்டும் அங்கே நின்று வெற்றிலை போட்டாராம். அன்றே அவருக்குத் தெரியும். அக்டோபரில் அந்த ஞாயிற்றுக்கிழமை சீஸ் கொண்டு வந்தது, உள்ளேயிருந்து உதவுவது யார் என்று பார்க்கத்தானாம். “எட்டு வருஷமா ஒரு மேசையிலை இருக்கிறம். கொட்டங்காய்ப் பருப்பு எண்டு நீர் ஒரு நாளும் சொல்லமாட்டீர், புவாத். அது உம்மடை வாய் இல்லை.” துரைக்கு முன்னால் இவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இன்றைக்குப் பேணிகளை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தாராம்.

இந்த மனிதரையா நான் ‘அவன் இவன்’ என்று எழுதினேன்? அந்த வரிகளை அடித்து அழிக்கவில்லை, விட்டு வைக்கிறேன். நானே பார்த்துக்கொள்ள.

டிசம்பர் 21

நித்திரை இல்லை. நாலும் உண்மையாகவே கெட்டவைதானா? வாப்பாவின் மாசி வேறு, இது வேறு. என் நாக்கை நம்பி ஒரு குடும்பத்தின் சோறு.

டிசம்பர் 23, திங்கள்

சரிதான்! சரிதான்!

கப்பல் கம்பனியின் சர்வேயர் வந்து நான்கு பேணிகளையும் தட்டில் கவிழ்த்துப் பார்த்தாராம். ஏடனில் நின்றபோது இறைச்சி அறையில் தூக்கி வைத்திருக்கிறார்கள், உறைந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாராம். நல்ல இரண்டையும் நான்கு விருந்துக்கும் பங்கிட்டு அனுப்புகிறார்கள். துரை இவருடைய தோளில் தட்டி, ‘மேலே நல்லதாக இருந்ததே, எப்படிப் பிடித்தாய்?’ என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம்.

பள்ளிவாசல் கஞ்சி இன்றைக்குத்தான் தொண்டையில் இறங்கியது என்கிறார். நான் சீனியம்மாவைக் கட்டிப் பிடித்தேன். அவள், “என்னாச்சும்மா, துணி காஞ்சிருச்சா?” என்றாள்.

டிசம்பர் 24, செவ்வாய், காலை

ஏன் இந்த மனுசனுக்கு இப்பிடிப் புத்தி? தப்பிட்டமே! பெரிய கண்டத்திலயிருந்து தப்பி மூச்சு விட்டது நேத்து. இன்டைக்கு எழும்பி, ‘துரைட்ட உள்ளதச் செல்லப் போறன்’ எண்டு நிக்கிறார். நான் கத்தினேன். இல்லை, கெஞ்சினேன்.

“எல்லாரும் எனக்கிட்ட வந்து கை குடுக்கிறாங்க, புள்ள. ஒன்ட நாக்குக்கு. எனக்கு வெக்கமா ஈக்கிது” என்றார்.

போய்விட்டார். ஏழு மணி றெயில். இனி என்ன? மாளிகாவத்தையில் உம்மா வீட்டுப் பின் அறை. அதுதானே மிச்சம்?

அதே நாள், நோன்பு திறந்த பிறகு

எழுதுவதற்கு முன் ஒரு தரம் சிரித்துக்கொள்கிறேன்.

துரையின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாராம். காய்ச்சல், மூக்கு, நான், சிப்பி, எல்லாம். துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியதாம். அழுகிறார் என்று இவர் பயந்துபோனாராம். பார்த்தால் சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

“பதினேழாம் வருஷத்திலிருந்து எனக்கும் இல்லை, புவாத். மகாயுத்தத்தில் விஷப் புகை. சூப்பும் வெந்நீரும் எனக்கு ஒன்றுதான். கவியாரைப் பற்றி நான் சொன்னதெல்லாம் புத்தகத்தில் இருப்பது, மற்றதெல்லாம் உன் வாயிலிருந்து வந்தது. நான் ஏன் உன்னை வைத்திருக்கிறேன் என்று நினைத்தாய்?”

அந்த அறையில் ஒன்பது மாதமாக மூக்கில்லாத ஒருவர் சொல்ல, மூக்கில்லாத இன்னொருவர் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அதை வைத்து ஊரெல்லாம் வியாபாரம் நடந்திருக்கிறது. நானோ, பெரிய இடம், நமக்கு முன்னால் வாயைத் திறக்கமாட்டார் என்று வைதுகொண்டிருந்தேன்.

வேலை போகவில்லை. இனி வெண்ணெயும் சீஸும் கிளெமென்ற் பார்ப்பார். குளிர் அறையும் ஆட்களும் கப்பல் வேலையும் இவருக்கு. கவியார் மட்டும் வழக்கம்போல வெள்ளவத்தைக்கு வரும், அந்தப் பெண்மணிக்கு என்று சொல்லியே வரும். அதற்கென்று எனக்கு மாதம் ஏதோ தருவார்களாம். அதை நான் இன்னும் நம்பவில்லை.

இவர் கஞ்சியை மூன்று கோப்பை குடித்துவிட்டு இப்போது குறட்டை விடுகிறார். மார்ச் மாதத்துக்குப் பிறகு இந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை.

டிசம்பர் 26

கடற்கரையில் எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேகம். பிறை தெரியவில்லை. முப்பதும் பிடிக்க வேண்டியதுதான். எனக்குச் சந்தோஷம், விட்ட நோன்புகளைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம், இந்த மாதத்தில் நோற்க இன்னும் ஒரு நாள் கிடைத்தது.

டிசம்பர் 28, சனி, பெருநாள்

காலையில் தொழுகை முடிந்து ஆட்கள் வந்து போனார்கள். பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் போதவில்லை. கிளெமென்ற் கிறிஸ்மஸ் கேக்கோடு வந்தார். நான் திரைக்குள்ளிருந்து முதன்முதலாக வாயால் சலாம் சொன்னேன். “வளையலுக்கு இண்டைக்கு லீவோ, தங்கச்சி?” என்றார். வட்டிலப்பத்தில் பெரிய துண்டு அவருக்குத்தான் போனது.

பத்து மணிக்குக் கம்பனிக் கார் வந்தது. ஐஸுக்குள் ஒரு சின்னப் பேணி, கூடவே ஒரு கடுதாசி. ‘மிஸிஸ் ஹப்ஸா புவாத் அவர்களுக்கு. இது ருசி பார்க்க அல்ல, சாப்பிட’ என்று துரை எழுதியிருப்பதாக இவர் வாசித்துச் சொன்னார்.

மத்தியானம் வீடு ஓய்ந்தது. உப்பில்லாத சின்ன அப்பம் ஆறு சுட்டேன். சிப்பியை எடுத்தேன். அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

“நீங்க இத ஒருக்காவாவது திண்டீங்களா?”

“நானா? எனக்கு எதுக்கு? மணமும் இல்ல ருசியும் இல்ல. நீ பாக்கிற சாமான், அதில ஒரு மணி கொறஞ்சாலும் வீண்தானே.”

மூன்று மாதமாக அந்தப் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு றெயிலில் வந்தவர். ஒரு மணிகூட வாயில் போட்டதில்லை.

ஒரு சிப்பி நிறைய அள்ளி அவர் வாயில் வைத்தேன். “கடிக்காதீங்க. மேல வெச்சி அமத்துங்க.”

கண்ணை மூடினார். தாடை அசையவில்லை. பிறகு புருவம் இரண்டும் மெல்ல ஏறின.

“ஒடையிது” என்றார். “ஒவ்வொண்டா ஒடையிது, புள்ள. குளிரு தெரியிது. உப்பு வருது... போகுது...” கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். “இன்னம் கொஞ்சம் தா.”

மார்ச் மாதத்துக்குப் பிறகு இவர் இன்னும் கொஞ்சம் தா என்று எதையும் கேட்டதில்லை. பிரியாணியைக்கூட மருந்துபோல்தான் விழுங்குவார். நான் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். நல்ல கவியாருக்கு மணம் கிடையாது என்று நானே இந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேனே, எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? கொட்டங்காயும் கடற்காற்றும் அவருக்குக் கிடைக்காது. மற்றதெல்லாம் கிடைக்கிறது.

பேணியில் முக்கால்வாசி அவரே தின்றார். எனக்கு மிஞ்சியது மூன்று சிப்பி. எப்படி இருந்தது என்று குறித்து வைக்க மறந்துவிட்டேன்.